நாடே ஒரு தொகுதி: ஹோவிட்டோ சலோங்கா வழியாகப் பிலிப்பைன்ஸ் செனட்டைப் புரிந்துகொள்வோம்

பிலிப்பைன்சில் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குப் போகும் ஒருவர் செனட்டுக்கு மட்டும் 12 பேருக்கு வாக்களிக்கலாம். 2010-இல் இயந்திரம் எண்ணும் முறை வரும்வரை அந்த 12 பெயர்களையும் தன் கையாலேயே வாக்குச்சீட்டில் எழுத வேண்டியிருந்தது. அச்சிட்ட பட்டியல் இல்லை, வட்டமிடக் கட்டங்கள் இல்லை, வெறும் கோடுகள்தான். பலரும் வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் பெயர்களைக் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

செனட்டர் ஆக விரும்புகிறவருக்கு இதன் பொருள் ஒன்றுதான். அவருடைய பெயர் நாடு முழுவதும் கோடிக்கணக்கானவர்களின் நினைவில் இருக்க வேண்டும். ஒரு ஊரில், ஒரு மாகாணத்தில் செல்வாக்கு இருந்தால் போதாது. செனட்டில் உள்ள 24 இடங்களுக்கும் தொகுதி என்பதே கிடையாது. வடக்கே தைவான் பக்கம் இருக்கும் பத்தானேஸ் தீவில் வாழ்பவரும், தெற்கே மலேசியாவின் சபாவுக்கு அருகில் உள்ள தாவி-தாவி தீவில் வாழ்பவரும் ஒரே பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடு முழுக்க எண்ணி முடித்ததும் அதிக வாக்கு வாங்கிய முதல் 12 பேர் உள்ளே போவார்கள். 7,600-க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்து ஒரே தொகுதி.

இப்படிப்பட்ட தேர்தலில் சினிமா நடிகர்களும் தொலைக்காட்சி முகங்களும் ஜெயிப்பது எளிது. குத்துச்சண்டை வீரர் மேனி பக்கியாவோ 2016 முதல் 2022 வரை செனட்டராக இருந்தார். பெரிய அரசியல் குடும்பங்களுக்கும் இதில் வசதி அதிகம். அப்படியிருக்க, சந்தையில் வியாபாரம் செய்த ஒரு பெண்ணின் மகன், பணமோ குடும்பப் பெயரோ இல்லாதவர், இந்தத் தேர்தலில் மூன்று முறை நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். ஹோவிட்டோ சலோங்கா என்பது அவர் பெயர். பிலிப்பைன்ஸ் செனட் என்றால் என்ன, அதற்கு என்ன அதிகாரம், அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையெல்லாம் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சட்டப்புத்தகத்தில் வறண்ட வரிகளாகக் கிடக்கும் பல விதிகளை இந்த மனிதர் தன் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறார்.

அவரிடம் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்கதை. பிலிப்பைன்சை அமெரிக்கா ஆண்டுகொண்டிருந்த 1916-இல் ஜோன்ஸ் சட்டம் என்ற ஒன்றின் மூலம் செனட் பிறந்தது. அப்போது நாட்டை 12 செனட் மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வைத்தார்கள். 1935-இன் அரசியலமைப்பு செனட்டை எடுத்துவிட்டு ஒரே அவையாக மாற்றியது. ஐந்தே ஆண்டுகளில் மனம் மாறி, 1940-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து செனட்டைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள். மாவட்டங்கள் ஒழிந்து, நாடே ஒரு தொகுதி என்ற ஏற்பாடு வந்தது அப்போதுதான். அமெரிக்க செனட்டைப் பார்த்துப் போட்ட சட்டையாக இருந்தாலும் அளவெடுத்த விதம் வேறு. அங்கே மாநிலத்துக்கு இரண்டு பேர். இங்கே யாரும் எந்த மாகாணத்துக்கும் சொந்தமில்லை.

இதனால் ஒரு விளைவு உண்டு. உள்ளூர்ப் பாலத்துக்கும் சாலைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அவருக்குத் தொகுதி இருக்கிறது. செனட்டர் முழு நாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். அதிபரைத் தவிர, துணை அதிபரைத் தவிர, நாடு முழுவதிலிருந்தும் நேரடியாக வாக்கு வாங்கியவர்கள் இந்த 24 பேர் மட்டுமே. அதனால்தான் அதிபரை நேருக்கு நேர் நின்று எதிர்க்கும் துணிச்சல் செனட்டிலிருந்து அடிக்கடி வருகிறது. 'நீங்களும் மக்களால் வந்தவர், நானும் அதே மக்களால் வந்தவன்' என்று சொல்லும் தெம்பு அது.

சரி, சலோங்காவிடம் வருவோம்.

1920 ஜூன் 22 அன்று மணிலாவை அடுத்த பாசிக்கில் பிறந்தார். ஐந்து ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர், அம்மா சந்தையில் வியாபாரம். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் புராட்டஸ்டன்ட் குடும்பம் என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னாளில் நாடு தழுவிய தேர்தலில் நிற்கும்போது மதத்தின் பெயரால் விழும் வாக்கும் அவருக்கு இருக்கவில்லை.

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்துவிட்டது. ஜப்பானியர்களுக்கு எதிராக வேலை செய்ததாக 1942 ஏப்ரலில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வயதான தந்தையின் கண்ணெதிரிலேயே சித்திரவதை செய்தார்கள். 15 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்து முந்தின்லுப்பா சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானின் அரச விழா ஒன்றையொட்டிச் சில கைதிகளை விடுவித்தபோது வெளியே வந்தார். 1944-இல் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதி 95.3 சதவீதம் எடுத்து முதலிடம் பெற்றார். அந்த முதலிடத்தை இன்னொருவரும் அதே மதிப்பெண்ணோடு பகிர்ந்துகொண்டார். அவர் ஹோசே டியோக்னோ, இவரைப் போலவே பின்னாளில் செனட்டர் ஆனவர், மார்கோசின் சிறையில் இரண்டு ஆண்டுகள் கிடந்தவர்.

தேர்வு முடிவை ஒரு பெரிய விஷயமாக ஏன் சொல்கிறேன் என்றால், பிலிப்பைன்சில் அந்த வழக்கறிஞர் தேர்வு ஒரு தேசியச் செய்தி. ஒவ்வோர் ஆண்டும் முதல் பத்து இடங்கள் பத்திரிகையில் வரும். நாடு முழுக்கப் பெயர் தெரிய வேண்டிய தேர்தலில், பணம் இல்லாத ஒருவருக்குத் தன் பெயரை ஊருக்குச் சொல்லக் கிடைக்கும் முதல் படிக்கட்டு அதுதான். அப்புறம் ஹார்வர்டில் முதுகலை, யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். யேலில் ஆசிரியர் வேலை தருவதாகச் சொன்னார்கள். போரால் சின்னாபின்னமான நாட்டுக்குத் திரும்புவதாகச் சொல்லி மறுத்துவிட்டு மணிலாவுக்கு வந்தார். சட்டம் கற்பித்தார். 1961-இல் ரிசால் மாகாணத்தின் இரண்டாம் தொகுதியில், இரண்டு பெரிய அரசியல் குடும்பங்களின் வேட்பாளர்களைத் தோற்கடித்துப் பிரதிநிதிகள் சபைக்குப் போனார்.

1965-இல் லிபரல் கட்சி அவரைச் செனட்டுக்கு நிறுத்தியது. அந்தக் காலத்து விதி இப்போதையதைவிடச் சற்று வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டு இடங்களுக்குத் தேர்தல், பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டில் அவர் கட்சியின் அதிபர் வேட்பாளர், அப்போது பதவியில் இருந்த அதிபர் தியோஸ்தாதோ மகபகால் தோற்றார். ஃபெர்டினாண்ட் மார்கோஸ் அதிபரானார். கட்சி மேலே தோற்ற அதே வாக்குச்சீட்டில் சலோங்காவின் பெயர் செனட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கட்சி பார்க்காமல் ஆள் பார்த்து வாக்களிக்கும் வழக்கம் இந்தக் கையெழுத்து வாக்குச்சீட்டில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இப்போது 1971 ஆகஸ்ட் 21-க்கு வருகிறோம். மணிலாவின் கியாப்போ தேவாலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கம் பிளாசா மிராண்டா. அரசியல் கூட்டம் என்றாலே அங்கேதான். அன்றிரவு லிபரல் கட்சி தன் எட்டுச் செனட் வேட்பாளர்களை மேடையேற்றி அறிமுகம் செய்துகொண்டிருந்தது. இரண்டு கையெறி குண்டுகள் மேடையை நோக்கி வந்து விழுந்தன. ஒன்பது பேர் செத்தார்கள், அவர்களில் ஒரு குழந்தையும் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரும் உண்டு. சுமார் நூறு பேருக்குக் காயம். எட்டு வேட்பாளர்களும் அடிபட்டார்கள். மிக மோசமாக அடிபட்டவர்களில் சலோங்கா ஒருவர். பிழைப்பார் என்று மருத்துவர்களே நம்பவில்லை. பிழைத்தார். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, ஒரு காது ஏறக்குறைய கேட்காமல் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட உலோகச் சில்லுகள் உடம்பில் தங்கிவிட்டன.

குண்டை வீசியது யார் என்பதில் இன்றுவரை சண்டை உண்டு. மக்கள் அப்போது மார்கோசைத்தான் சந்தேகித்தார்கள். மார்கோஸ் கம்யூனிஸ்டுகள் மீது பழியைப் போட்டு, ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். பல ஆண்டுகள் கழித்துச் சலோங்காவே கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையின் வேலை அது என்ற முடிவுக்கு வந்தார். அந்தத் தலைமை கடைசிவரை மறுத்தது. தன்னைக் குருடாக்கிய குண்டு விஷயத்தில், தன் பரம எதிரியின் மேல் பழி இருக்கட்டும் என்று அவர் சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

நவம்பரில் தேர்தல். பிரச்சாரத்துக்குப் போக முடியாமல் படுக்கையில் கிடந்தவர் மறுபடியும் முதலிடம். லிபரல் பட்டியலின் எட்டுப் பேரில் ஆறு பேர் ஜெயித்தார்கள். ஆனால் மக்கள் கொடுத்த அந்த ஆறு ஆண்டுகளில் சலோங்கா செனட்டில் உட்கார்ந்தது ஒன்பது மாதங்கள்கூட இல்லை. 1972 செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். டியோக்னோ, நினாய் அக்கினோ போன்ற செனட்டர்களை இரவோடு இரவாகக் கைது செய்தார்கள். செனட் மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். 1973-இல் வந்த புதிய அரசியலமைப்பில் செனட் என்ற அவையே இல்லை.

ஒரு சர்வாதிகாரி முதலில் ஏன் இந்த அவையை ஒழித்தார் என்று யோசித்துப் பாருங்கள். மார்கோஸ் தானே செனட் தலைவராக இருந்து அங்கிருந்து அதிபரானவர். நாடு முழுக்கப் பெயர் தெரிந்த, தனித்தனியாக மக்கள் ஆதரவு வைத்திருக்கிற 24 பேர் ஓர் அறையில் கூடினால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நீதிமன்றங்கள் இயங்கின. அவருக்கு வசதியான ஒரு சட்டமன்றமும் பின்னால் வந்தது. செனட் மட்டும் 1987 வரை திரும்பவில்லை.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் சலோங்கா என்ன செய்தார்? வழக்கறிஞராகவே மாறினார். அரசியல் கைதிகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார். அவரும் டியோக்னோவும் முதியவரான முன்னாள் செனட்டர் லோரென்சோ தன்யாதாவும் அந்த இருண்ட காலத்தில் எத்தனை பேருக்கு நீதிமன்றத்தில் ஆறுதலாக நின்றார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 1980-இல் மணிலாவில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகளோடு சம்பந்தப்படுத்தி அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். மறு ஆண்டு மருத்துவத்துக்காக அமெரிக்கா போக விட்டார்கள். அங்கே இருக்கும்போது ஆட்சிக் கவிழ்ப்புக் குற்றம் சாட்டினார்கள். 1985 ஜனவரியில் ஊர் திரும்பினார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் அடிப்படை ஆதாரமே இல்லை என்று எழுதியது. வழக்கு ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்தும், கீழ் நீதிமன்றங்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று தீர்ப்பை வெளியிட்டார்கள். பிலிப்பைன்ஸ் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சி மார்கோசை விரட்டியது. கொராசோன் அக்கினோ அதிபரானார். அவர் கையெழுத்திட்ட முதல் நிர்வாக ஆணையே மார்கோஸ் குடும்பம் சுருட்டிய சொத்தை மீட்க ஓர் ஆணையம் அமைப்பதற்குத்தான். அதற்குத் தலைவராகச் சலோங்காவைப் போட்டார். அதிபரின் மலாக்கானாங் மாளிகையில் மார்கோஸ் விட்டுப்போன காகிதங்களில் ஒரு விஷயம் தெரிந்தது. 1968-லேயே மார்கோசும் மனைவி இமெல்டாவும் சூரிச்சில் 'வில்லியம் சாண்டர்ஸ்', 'ஜேன் ரயன்' என்ற பொய்ப் பெயர்களில் வங்கிக் கணக்கு தொடங்கியிருந்தார்கள். ஆணையம் அமைந்து ஒரு மாதம் ஆவதற்குள் சுவிட்சர்லாந்து அரசு அந்தப் பணத்தை முடக்கியது. வேகம்தான் இங்கே எல்லாமும். இன்னும் சில வாரங்கள் தாமதித்திருந்தால் அந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

வழக்கு முடிய 17 ஆண்டுகள் ஆயின. 2003-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 65 கோடி டாலருக்கு மேற்பட்ட அந்தத் தொகை நாட்டுக்கே சொந்தம் என்றது. 2013-இல் ஒரு சட்டம் போட்டு, அதிலிருந்து 1,000 கோடி பெசோவை மார்கோஸ் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் ஒதுக்கினார்கள். 11,103 பேரை அதிகாரபூர்வமாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

1987-இல் புதிய அரசியலமைப்பு வந்தது, செனட்டும் திரும்பியது. இப்போது நடப்பில் உள்ள விதிகள் இதிலிருந்து வருபவை. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதிப் பேர், அதாவது 12 பேர், மாறுவார்கள். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. பிறப்பால் பிலிப்பைன்ஸ் குடிமகனாகவும் குறைந்தது 35 வயதானவராகவும் இருக்க வேண்டும். அந்த முதல் தேர்தலில் மட்டும் 24 இடங்களுக்கும் ஒன்றாகப் போட்டி நடந்தது. சலோங்கா மூன்றாவது முறையாக முதலிடம். மகபகால், மார்கோஸ், அக்கினோ என்று மூன்று அதிபர்களின் ஆட்சியில் நடந்த மூன்று தேர்தல்களில் இப்படி முதலிடம் பிடித்தவர் வேறு யாரும் இல்லை. செனட்டர்கள் அவரையே செனட் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதிபர், துணை அதிபர், அடுத்து அவர். பதவி வரிசையில் நாட்டின் மூன்றாவது இடம்.

செனட்டின் அதிகாரங்களில் பலவற்றைக் கீழவையான பிரதிநிதிகள் சபையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். சட்டம், வரவு செலவு எல்லாம் இரண்டு அவையும் சேர்ந்து செய்பவை. செனட்டுக்கு மட்டுமே உள்ள அதிகாரம் இரண்டு. ஒன்று, கீழவை குற்றம்சாட்டி அனுப்பும் அதிபரையோ தலைமை நீதிபதியையோ விசாரித்துப் பதவி நீக்குவது. இரண்டாவது, வெளிநாடுகளோடு அரசு போடும் உடன்படிக்கைகளுக்கு ஒப்புதல் தருவது. இந்த இரண்டாவது அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது 1991-இல் தெரிந்தது.

அமெரிக்க ராணுவத் தளங்கள் பிலிப்பைன்சில் இருப்பதற்கான ஒப்பந்தம் 1947-இல் போடப்பட்டது. முதலில் 99 ஆண்டு என்றிருந்ததை 1966-இல் குறைத்து, 1991 செப்டம்பர் 16-இல் முடியும்படி செய்திருந்தார்கள். சூபிக் விரிகுடாவில் பெரிய கடற்படைத் தளம், கிளார்க்கில் விமானத் தளம். இரண்டையும் சுற்றி ஊர்களே அந்தச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டிருந்தன. 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்துக் கிளார்க்கைச் சாம்பலில் மூடியது. அமெரிக்கா அதைக் கைவிட முடிவு செய்தது. சூபிக்கை மட்டும் இன்னும் பத்து ஆண்டு வைத்துக்கொள்ள, ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் தருவதாக ஒரு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

1987-இன் அரசியலமைப்பு இங்கே ஒரு கதவை வைத்திருந்தது. 1991-க்குப் பிறகு அந்நியப் படைத்தளம் இருக்க வேண்டுமென்றால் செனட் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை வேண்டும். ஒப்புதலுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 பேரில் 16 பேர் கை தூக்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பலரும் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். செப்டம்பர் 16 அன்று வாக்கெடுப்பு முடிவு 12-க்கு 11. பன்னிரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், பதினொரு பேர் வேண்டும் என்றார்கள். (ஒரு செனட்டர் வெளியுறவுச் செயலராகப் போய்விட்டதால் அவையில் 23 பேர்.) செனட் தலைவர் என்ற முறையில் சலோங்கா கடைசியாக வாக்களித்தார். அவர் முறை வரும்போது 11-க்கு 11. உடனே 'ஒரே ஒருவரின் வாக்கால் அமெரிக்கா வெளியேறியது' என்று கதை எழுதத் தோன்றும். ஆனால் தேவை 16. கிடைத்தது 11. ஒன்றல்ல, ஐந்து வாக்குகள் குறைவு. சலோங்கா வாய் திறப்பதற்கு முன்பே ஒப்பந்தம் செத்திருந்தது.

அப்படியானால் அவர் வாக்குக்கு என்ன மதிப்பு? என் பார்வையில், கணக்கு அவருக்கு ஒரு சுலபமான வழியைத் திறந்துவிட்டிருந்தது. ஒப்பந்தம் எப்படியும் தோற்றாகிவிட்டது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் நிற்கப் போகிறவர் அவர். தன்னை ஆணையத் தலைவராக்கிய அதிபர் அக்கினோ ஒப்பந்தத்துக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கி, ஆறு நாளுக்கு முன்புதான் செனட்டை நோக்கி ஊர்வலம் நடத்தியிருந்தார். பணக்காரர்கள் ஒப்பந்தத்தின் பக்கம். 'வேண்டும்' என்று சொல்லியிருந்தால் முடிவு மாறாது, பகையும் வராது. அவர் 'வேண்டாம்' என்றார். அந்தப் பன்னிரண்டு பேரில் ராணுவச் சட்டத்தை நடத்திய மார்கோசின் பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரிலேயும் இருந்தார். முன்னாள் நடிகர் ஜோசப் எஸ்திராதாவும் இருந்தார். பார்வையாளர் பகுதியில் சக்கர நாற்காலியில் 93 வயது லோரென்சோ தன்யாதா. வாழ்நாளெல்லாம் தளங்களுக்கு எதிராகப் பேசியவர், அன்று தன் மகன் விக்பெர்த்தோ எதிர்த்து வாக்களிப்பதைப் பார்த்தார். 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பல் சூபிக்கை விட்டுப் போனது.

விலை உடனே வந்தது. 1992 ஜனவரியில் செனட் தலைவர் பதவி போனது. தேர்தலுக்கு வரவேண்டிய பணமும் நின்றது. மே மாதம் அதிபர் தேர்தலில் ஏழு பேரில் ஆறாவதாக வந்தார், சுமார் 10 சதவீத வாக்கோடு. அவருக்குச் சற்று மேலே, ஐந்தாவது இடத்தில், இமெல்டா மார்கோஸ். யாருடைய களவைத் தேடி உலகம் சுற்றினாரோ அவருக்கும் கீழே. இந்த வரியை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அவர் எழுதிய சட்டங்கள் அவருக்குப் பிறகும் வேலை செய்தன. அரசு ஊழியர்களுக்கான 1989-இன் நடத்தை விதிச் சட்டம் அவருடையது. ஒவ்வோர் ஆண்டும் சொத்துக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. 2012-இல் தலைமை நீதிபதி ரெனாத்தோ கொரோனா சொத்தை முழுதாகக் காட்டவில்லை என்று செனட் 20-க்கு 3 என்ற கணக்கில் அவரைப் பதவி நீக்கியது. 1991-இல் வந்த பொதுப்பணக் கொள்ளைத் தடுப்புச் சட்டமும் சலோங்காவுடையது. பதவியில் இருப்பவர் பெருந்தொகை சுருட்டினால் அது சாதாரண லஞ்சக் குற்றம் இல்லை, தனிக் குற்றம் என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் 2007-இல் ஆயுள் தண்டனை பெற்றவர் முன்னாள் அதிபர் எஸ்திராதா. ஆமாம், 1991-இல் தோளோடு தோள் நின்று 'வேண்டாம்' என்ற அதே எஸ்திராதா. சில வாரங்களிலேயே அவருக்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது.

தளங்கள் விஷயமும் அப்படியே நிற்கவில்லை. 1999-இல் அமெரிக்கப் படைகள் வந்து போவதற்கான ஒப்பந்தத்துக்குச் செனட்டே ஒப்புதல் கொடுத்தது. 2014-இல் போட்ட இன்னொரு ஏற்பாட்டுக்குச் செனட் ஒப்புதலே தேவையில்லை என்று 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1991-இல் செனட் அடைத்த கதவுக்குப் பக்கத்தில் வேறு வாசல் வைத்த மாதிரிதான் இது. சலோங்காவின் பக்கம் நிற்கும் எனக்கு இதில் வருத்தம் உண்டு. எதிர்த்தரப்பு, தென்சீனக் கடலில் சீனா செய்வதைக் காட்டிப் பதில் சொல்லும். அந்த வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

தேர்தலில் தோற்ற பிறகு சலோங்கா வீட்டில் முடங்கவில்லை. கிலோஸ்பாயான் என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கி, அரசு போட்ட லாட்டரி ஒப்பந்தம் ஒன்றை 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்து செய்ய வைத்தார். 2007-இல் மகசேசே விருது கிடைத்தது. 2016 மார்ச் 10 அன்று, 95 வயதில் இறந்தார்.

1972-இல் பூட்டுப் போட்ட அந்த மண்டபமும் 1991-இல் பன்னிரண்டு பேர் 'வேண்டாம்' என்று சொன்ன மண்டபமும் ஒரே கட்டடம்தான். மணிலாவின் பழைய சட்டமன்ற மாளிகை. செனட் 1990-களின் பின்பாதியில் வேறிடம் போய்விட்டது. கட்டடம் இப்போது தேசிய நுண்கலை அருங்காட்சியகம். கூட்ட மண்டபத்தைப் பழுது பார்த்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். மணிலா போகிறவர்கள் ஓவியங்களைப் பார்த்து முடித்த கையோடு அந்த அறைக்குள்ளும் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.